காய்ச்சல் சீசன்ல எங்க கடைக்கு வர்றவங்க கேக்கற கேள்விங்க

எங்க கடை பேரூராட்சி ஆபீசுக்கு நேர் எதுத்தாப்ல. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல ஒரு ஊரு. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், பஸ் வர்ற வரைக்கும் பையை வெச்சுட்டு போற எடம், எல்லாம் இதுதான். ஆபீசுக்குள்ள போயி கேக்க கூச்சப்படறவங்க இங்க வந்து கேட்டுட்டு போறாங்க. 2020ல கொரோனா வந்தப்ப ஆரம்பிச்சது, இப்ப ஒவ்வொரு மழைக்கும் டெங்கு, டைபாய்டுன்னு அதே கேள்விங்கதான் வருது. சொல்லிச் சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி கீழ பதிலும் போட்டுட்டேன். நான் டாக்டரும் இல்ல ஆபீசரும் இல்ல, அந்த வாசலை பாத்துட்டே உக்காந்திருக்கறவ, அவ்வளவுதான்.

ஏனுங், எங்க வீதில காய்ச்சல் பரவுது, ஆருகிட்டங் சொல்லோணும்? பேரூராட்சிலயா, ஆஸ்பத்திரிலயா?

ரெண்டு பக்கமும் சொல்லோணுமுங். குப்பை, சாக்கடை, குடிதண்ணி, தண்ணிக்கு குளோரின், கொசுவுக்கு மருந்து, இதெல்லாம் பேரூராட்சி வேலை, அங்க தலை செயல் அலுவலர். காய்ச்சல் முகாம் போடறது, ரத்தம் எடுக்கறது, மாத்திரை குடுக்கறது சுகாதாரத்துறை, அதுக்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் சுகாதார ஆய்வாளரும். கிராம ஊராட்சின்னா ஊராட்சி செயலாளர் (இன்னும் பாதிப்பேரு கிளர்க்குன்னுதான் சொல்றோம்), கூட கிராம சுகாதார செவிலியர். விஏஓ கிட்ட போயி காய்ச்சலுக்கு புகார் சொல்றவங்க இருக்காங்க, அவரு வருவாய்த்துறைங்க, கேட்டுக்குவாரு, ஆனா வேலை அவருது இல்ல.

ஆரு நம்பரும் கையில இல்லைன்னா 104க்கு போடுங்க, அது மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும். 108 ஆம்புலன்சு, எல்லாத்துக்கும் தெரியும். என்ற கணக்கு ஒண்ணு சொல்றேன், ஒரே வீதில ஒரே வாரத்துல மூணு ஊட்டுல காய்ச்சல்னா அது சும்மா சளிக்காய்ச்சல்னு விட்றக்கூடாது, அன்னிக்கே போன் பண்ணிடோணும். தப்பா போனாலும் ஒண்ணும் குத்தமில்ல.

கவுன்சிலர் நம்ம பையந்தான், அவங்கிட்ட சொன்னா போதாதுங்களா?

சொல்லுங்க, நல்லதுதான், ஆபீஸ்ல அவரு ஒரு சத்தம் போட்டா வண்டி சீக்கிரம் வரும். ஆனா மருந்து வாங்க, ஆள் அனுப்ப கையெழுத்து போடறது செயல் அலுவலர்தான். அதனால கவுன்சிலர்கிட்ட வாயில சொல்லிட்டு ஆபீஸ்ல ஒரு தாள்ல எழுதியும் குடுத்துட்டு வாங்க, ரெண்டு வரி போதும்.

இன்னொண்ணு, கவுன்சிலரே இல்லாத காலமும் வருமுங்க. கொரோனா முழுக்க, ரெண்டாவது அலை வரைக்கும், தமிழ்நாட்டுல எந்த பேரூராட்சிலயும் நகராட்சிலயும் கவுன்சிலர் கெடையாது, 2016ல பதவி முடிஞ்சது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ல தான் நடந்துச்சு. அந்த நேரத்துல எந்த வீதிக்கு என்ன ஓணும்னு ஆபீஸ்ல போயி சொல்ல ஆளே இல்லாம இருந்துச்சு. கிராமத்துலயும் அதே கதைதான், 2019 டிசம்பர்ல ஜெயிச்ச தலைவருங்களுக்கு நம்ம பக்கம் 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புக்கு போயிருச்சு. ஆளை நம்பாம ஆபீசை புடிச்சு பழகுங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

முன்னயெல்லாம் தண்டோரா போடுவாங்க, இப்ப எந்த அறிவிப்புமே வர்றதில்லையே?

தண்டோராவை 2022 ஆகஸ்ட்ல அரசே நிறுத்தச் சொல்லிருச்சுங்க, வண்டில மைக் கட்டி சொல்லச் சொல்லி தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு எல்லா கலெக்டருக்கும் எழுதுனாரு. என்னைக் கேட்டா அது சரிதான், ஒரு சாதிக்காரரு கழுத்துல பறையை மாட்டி ஊரெல்லாம் நடக்க விட்டது போதும்.

ஆனா ஆட்டோல மைக் கட்டிட்டு போனா நம்ம ஊர்ல ஆருக்கு கேக்குது சொல்லுங்க? பகல் பதனோரு மணிக்கு வர்றான், அப்ப பாதி வீதில தறி ஓடிட்டு இருக்குது, மீதிப்பேரு பனியன் கம்பெனி வண்டில திருப்பூர் போயாச்சு. ஆட்டோ வேற நாப்பது ஸ்பீடுல போகுது, "அனைத்து பொதுமக்களுக்கும்"னு ஆரம்பிக்கறப்ப எங்க கடை, விசயத்தை சொல்றப்ப பஸ் ஸ்டாண்டு. நாங்க கேட்டு வாங்குனது என்னன்னா பொழுதோட ஆறு மணிக்கு மேல வண்டி விடறது, அப்பறம் ரேசன் கடை செவுத்துலயும் பால் சொசைட்டிலயும் அதே அறிவிப்பை ஒட்டறது. தறி குடோன்லயும் மில் குவாட்டர்ஸ்லயும் ஒடிசா, பீகார் பசங்க நெம்ப பேரு இருக்காங்க, அவங்களுக்கு தமிழ் நோட்டீஸ் ஒட்டி என்ன பிரயோசனம், இந்தில நாலு வரி எழுதி ஒட்டுனோம், அடுத்த நாளே அந்த குடோன்ல இருந்து நாலு பேரு காய்ச்சல் முகாமுக்கு வந்தாங்க.

வாட்ஸப்ல வர்றது நெசமா பொய்யான்னு எப்புடிங் கண்டுபுடிக்கறது?

இதுல நானே தப்பு பண்ணுனவ, அதையே சொல்றேன். 2021 மே மாசம், ரெண்டாவது அலை, கோயமுத்தூர்ல தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டுன நேரம், அல்லாரும் நடுங்கிட்டு இருந்தோம். "நம்ம ஊரு மேக்கு வீதில பன்னெண்டு பேருக்கு பாசிட்டிவ், ஆரும் அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, நானும் பதறிப்போயி எங்க குரூப்புல தள்ளி உட்டுட்டேன். அந்த வீதில ஒரு அக்கா ரெண்டு எருமை வெச்சு பால் ஊத்திட்டு இருந்தாங்க. அடுத்த நாள் ஒருத்தரும் பால் வாங்கல. அப்பறம் விசாரிச்சா அது வேற மாவட்டத்துல இருக்கற வேற மேக்கு வீதி, அதுவும் முந்தின வருசத்து மெசேஜ். நான் மன்னிப்பு கேட்டு குரூப்புல போட்டேன், அதை நாலு பேரு கூட பாக்கல. அந்த அக்கா பழையபடி பால் ஊத்த ரெண்டு மாசம் ஆச்சு.

அதுக்கப்பறம் நான் மூணு விசயம் இல்லாம எதையும் தள்றதில்லைங்க: ஆரு சொன்னது, எந்த தேதி, எந்த ஊரு எந்த மாவட்டம். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வர்ற செய்தி வெளியீடுன்னா மேல எண்ணும் தேதியும் இருக்கும், மக்கள் தொடர்பு அலுவலகம் விடறது. "அவசரம், உடனே எல்லோருக்கும் பகிரவும்"னு இருந்து சொன்னவரு பேரு இல்லைன்னா அது அனாதை செய்திங்க. அதை நாம தள்ளுனா நாளைக்கு நாமதான் அதுக்கு அப்பன். ஒரு போன் போட்டு ஆபீஸ்ல கேட்டுட்டு போடறதுக்கு பத்து நிமிசம் ஆகுமா?

யாருக்கு வந்திருக்குது, எந்த ஊடுன்னு சொன்னாத்தான நாங்க சாக்கிரதையா இருக்க முடியும்? ஏன் மறைக்கறாங்க?

வீதி பேரு சொல்லலாம், வார்டு சொல்லலாம், ஆளு பேரு சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. கொரோனா அப்ப வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டுனாங்கல்ல, அதைப்பத்தி சுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பர்லயே சொல்லிருச்சு, பேரிடர் சட்டத்துல தகுதியான அதிகாரி தனியா உத்தரவு போட்டாத்தான் ஒட்டலாம், சும்மா ஒட்டக்கூடாதுன்னு. பேரை வெளிய உட்டா அடுத்தவன் காய்ச்சலையே மறைச்சுருவான், அப்ப நோய் இன்னும் எச்சா பரவும், அந்த பால்கார அக்கா கதை மேல இருக்குதே.

டெங்குக்கு பேரு தெரிஞ்சு ஒரு புண்ணியமும் இல்லைங்க. தொட்டா வராது, தும்முனா வராது, கொசு கடிச்சாத்தான் வரும். பக்கத்து ஊட்டுல காய்ச்சல்னா அவங்க ஊட்டுக்கு போகாம இருக்கறதுல அர்த்தமே இல்ல, நம்ம மாடில இருக்கற ட்ரம்மை போயி பாக்கறதுலதான் அர்த்தம்.

கெவர்மெண்டு கணக்குல நாலு பேருதான்னு சொல்றாங்க, லேபுல கேட்டா நாப்பதுங்கறாங்க. பொய் சொல்றது ஆரு?

எச்சா கேக்கற கேள்வி இதுதான், சண்டையே வந்திருக்குது கடை வாசல்ல. ரெண்டு பேருமே பொய் சொல்லாம இருக்கலாமுங்க. லேபுல பெரும்பாலும் பண்றது கார்டு டெஸ்ட்டு, பத்திருபது நிமிசத்துல கோடு வரும். அரசு கணக்குல டெங்குன்னு ஏத்தறது எலிசாங்கற இன்னொரு ரத்த டெஸ்ட்டுல உறுதியானதை மட்டும். கார்டுல வந்தவங்க சந்தேகம்னுதான் நிப்பாங்க. எந்த நாள்ல ரத்தம் குடுக்கறோம்ங்கறதும் இருக்குது, காய்ச்சல் வந்து மொத அஞ்சு நாளைக்குள்ளன்னா என்எஸ்1ங்கற டெஸ்ட்டு, அதுக்கப்பறம்னா ஐஜிஎம்ங்கற டெஸ்ட்டு. ஏழாவது நாள் போயி என்எஸ்1 மட்டும் எடுத்து "ஒண்ணுமில்ல"ன்னு வந்தவங்களை பாத்திருக்கேன்.

அடுத்தது, ஆளு எங்க இருக்கான்ங்கறது. நம்ம ஊரு ஆளு கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரில சேந்தா அங்க இருந்து தகவல் அவன் குடியிருக்கற மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து வட்டாரத்துக்கு வந்து, அப்பறம்தான் நம்ம ஆபீஸ்ல வீதி கண்டுபுடிப்பாங்க. பழைய ஆதார் அட்ரஸ் குடுத்திருந்தா அவன் கணக்கு அவன் மாமனார் ஊருக்கு போயிரும். தனியார் ஆஸ்பத்திரி டெங்குன்னு பாத்தா சுகாதாரத்துறைக்கு கட்டாயம் சொல்லோணும், ஆனா எல்லாரும் அன்னன்னிக்கே சொல்றாங்களான்னா, அதை நான் சொல்ல மாட்டேன்.

இப்புடி இருந்தும் எண்ணிக்கையை அமுக்கறதும் நடக்கும், நடக்காதுன்னு சத்தியம் பண்ண நான் ஆளில்ல. அதனால எண்ணிக்கையோட சண்டை போடறதை உட்டுட்டு, "எங்க வீதிக்கு கடைசியா எந்த தேதி கொசு ஒழிப்பு ஆளுங்க வந்தாங்க"ன்னு கேளுங்க. அதை மறைக்க முடியாது, நோட்டுல தேதி போட்டிருக்கோணும்.

பொகை அடிச்சா எல்லாம் சரியாப்போயிருமுங்கல்ல? அதை மட்டும் அடிக்கச் சொல்லுங்க அக்கா.

போகாதுங்க. பொகை, பறக்கற கொசுவை மட்டும் கொல்லும், அதுவும் அந்த நேரத்துக்கு அங்க பறந்தாத்தான். தண்ணிக்குள்ள நெளியற புழுவுக்கு பொகை ஒண்ணும் பண்ணாது, ரெண்டு நாள் கழிச்சு அது கொசுவா வந்து நிக்கும். ஆனா பொகை வண்டி வந்தாத்தான் ஆபீஸ்ல வேலை நடக்குதுன்னு நம்ம ஆளுங்க நம்பறாங்க, போட்டோக்கும் நல்லா இருக்குது.

டெங்கு கொசு சாக்கடைல வளராது, நல்ல தண்ணில வளரும், பகல்ல கடிக்கும், ஊட்டை சுத்தி சில நூறு மீட்டர்தான் போகும். இப்ப நம்ம பக்கத்து நெலமையை பாருங்க, குடிதண்ணி வாரத்துக்கு ஒருக்கா, சில வார்டுக்கு பத்து நாளைக்கு ஒருக்கா. தண்ணி வர்ற அன்னிக்கு ட்ரம்மு, அண்டா, சிமெண்டு தொட்டி எல்லாம் ரொப்பி வெச்சாத்தான் பொழைக்க முடியும். முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் ஆகும். தண்ணி வர்ற கணக்கும் கொசு வளர்ற கணக்கும் ஒண்ணா இருக்குது பாத்தீங்களா! அதனாலதான் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா உட்டாலே பாதி டெங்கு போயிரும்னு நான் ஆபீஸ்லயே சொல்லியிருக்கேன், சிரிச்சுட்டு போயிட்டாங்க.

அது வர்ற வரைக்கும் நாம பண்றது: ட்ரம்முக்கு துணி கட்டி மூடறது, வாரத்துல ஒரு நாள் காலி பண்ணி உள்பக்கத்தை நாரு போட்டு தேய்ச்சு கழுவறது. தண்ணியை மட்டும் ஊத்திட்டா போதாது, முட்டை செவுத்துல ஒட்டியிருக்கும், காஞ்சு மாசக்கணக்குல கெடந்தாலும் தண்ணி பட்டா பொரிச்சுரும். வாசல்ல கெடக்கற பழைய ஆட்டாங்கல்லு, தோப்புல எளநிக்கூடு, கொட்டாங்குச்சி, டிங்கரிங் கடை டயரு, ப்ரிட்ஜுக்கு பின்னாடி தண்ணி நிக்கற தட்டு. இந்த ப்ரிட்ஜு தட்டை ஒருத்தரும் பாக்கறதில்ல, போயி பாருங்க இப்பவே.

கொசு மருந்து ஊத்தற பொண்ணுங்க ஊட்டுக்குள்ள வந்து தொட்டியெல்லாம் எட்டிப்பாக்கறாங்க, உடோணுமா? பைன் வேற போடறாங்களாமா?

அடையாள அட்டை கேளுங்க, காட்டுனா உடுங்க. நோய் பரவற எடத்தை பாக்கறதுக்கும், சரி பண்ணச்சொல்லி நோட்டீஸ் குடுக்கறதுக்கும் 1939ஆம் வருசத்து பொது சுகாதார சட்டத்துலயே அதிகாரம் இருக்குது. அந்த பொண்ணுங்க தினக்கூலிங்க, வெயில்ல நாளைக்கு எத்தனை ஊடு ஏறி இறங்கறாங்க, ஒரு சொம்பு தண்ணி குடுத்து பேசுனா எந்த தொட்டில புழு இருக்குதுன்னு நல்லா காட்டிக்குடுப்பாங்க. அவங்க ஊத்தற அபேட், கொசுப்புழுவை கொல்ற மருந்து, அளவா ஊத்துனா குடிக்கற தண்ணிக்கும் ஆகாததில்ல.

பைன் போட்டா ரசீது வாங்குங்க, ரசீது இல்லைன்னா குடுக்காதீங்க. என்ற மனத்தாங்கல் என்னன்னா ஆயா ஊட்டு மொடாவுல புழு இருந்தா நோட்டீஸ் வருது, கட்டிட வேலை நடக்கற எடத்துலயும் பெரிய குடோன்லயும் கொளம் மாதிரி தண்ணி நின்னாலும் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு திரும்பிர்றாங்க.

கொழா தண்ணில மருந்து வாடை அடிக்குது, குடிக்கலாமுங்களா?

அது குளோரின், குடிக்கலாம். நம்ம ஊட்டுக் கொழாவுல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கோணும், நோய் பரவற நேரத்துல 0.5. வாடையே இல்லைன்னாத்தான் சந்தேகப்படோணும். தண்ணி தொறந்து உடறவருகிட்ட குளோரின் பாக்கற டப்பா இருக்கும், மருந்து சொட்டு உட்டா மஞ்சளா மாறும், நம்ம கொழாவுல புடிச்சு காட்டச்சொல்லி கேளுங்க, தப்பில்ல. வயித்தால போற நேரம்னா குளோரின் இருந்தாலும் காச்சி குடிங்க.

நெலவேம்பு கசாயம் குடிச்சா போதுமுங்களா? மாத்திரை மெடிக்கல்லயே வாங்கிக்கலாமா?

கசாயம் குடிங்க, அரசே குடுக்குது, ஆனா அதை நம்பி ரத்தம் குடுக்காம இருக்காதீங்க. மெடிக்கல்ல "உடம்பு வலிக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு கேக்கறது டெங்குல ஆபத்து, ஆஸ்பிரின், புரூபென், டைக்ளோ இதெல்லாம் ரத்தக்கசிவை எச்சா பண்ணும், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான். காய்ச்சல் உட்ருச்சுன்னு மூணாவது நாலாவது நாள் வேலைக்கு கெளம்பறாங்க பாருங்க, அப்பத்தான் பாக்கோணும், அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல வயித்து வலி, ஓயாத வாந்தி, பல்லுல மூக்குல ரத்தம், ஆளு சோந்து தூங்கிட்டே இருக்கறதுன்னா நேரா ஆஸ்பத்திரி.

கோயில் நோம்பிக்கு பூச்சாட்டி கம்பம் நட்டாச்சு, இப்ப போயி திருவிழாவை நிறுத்துங்கன்னா எப்புடிங்? நிறுத்த ஆருக்கு அதிகாரம்?

செயல் அலுவலருக்கு இல்ல, கவுன்சிலருக்கு இல்ல, கலெக்டருக்கு இருக்குது. பேரிடர் மேலாண்மை சட்டம் 2005ல மாவட்டத்துக்கு தலை அவருதான், அது போக 1897ஆம் வருசத்து தொற்றுநோய் சட்டமும் இருக்குது. 2020 பங்குனில பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டத்தையே, தீ மிதிக்கறதையே நிறுத்துனாங்க, நம்ம ஊரு நோம்பி அதை உட பெருசா? வாரச்சந்தையும் இதே மாதிரிதான். ஆனா வாய் வார்த்தையா ஒருத்தரு வந்து நிறுத்தச்சொன்னா உத்தரவு நகல் கேளுங்க, மேல வாட்ஸப்புக்கு சொன்ன மூணு விசயம் ஆபீசருக்கும் பொருந்தும்.

டெங்குக்கு நோம்பியை நிறுத்த மாட்டாங்க, பயப்படாதீங்க. சாமிக்கு கோவம் வரும்னு சொல்ற பெரியவங்களுக்கு நான் சொல்றது, கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயிலே இருக்குது, 2021ல இருகூர்ல கொரோனா தேவிக்கு செலை வெச்சு பூசை பண்ணுனாங்க, நம்ம சாமிங்களுக்கு நோய் புதுசில்ல.

அக்கா, குரூப் அட்மினை புடிச்சு உள்ள போடுவாங்களாமா? நான் அட்மின்ல இருந்து வெலகிக்கறேன்.

வெலகாதப்பா, உன்னை உட்டா எட்டு மணிக்கு தண்ணி வருதுன்னு சொல்ல ஆளில்ல. அடுத்தவன் போட்ட பொய்க்கு அட்மின்ங்கற காரணத்துக்காக மட்டும் வழக்கு நிக்காதுன்னு பாம்பே ஹைகோர்ட்டு 2021லயும் கேரளா ஹைகோர்ட்டு 2022லயும் சொல்லியிருக்குது. ஆனா போட்டது நீயாவே இருந்தா வேற கதை, பேரிடர் நேரத்துல பொய்யா பீதி கெளப்புனா அதே 2005 சட்டத்துல 54ஆவது பிரிவு, ஒரு வருசம் வரைக்கும் ஜெயில். பொய்னு தெரிஞ்சா அழிச்சுட்டு, இது தப்புன்னு ஒரு வரியும் போட்ரு.

எழுதிக் குடுத்தும் ஒண்ணும் நடக்கல. அடுத்தது என்னங் பண்றது?

மொதல்ல எழுதிக்குடுத்ததுக்கு நகல்ல சீல் வாங்குனீங்களா? முக்காவாசிப்பேரு இல்லைன்னுதான் சொல்றாங்க. சீலோட 1100க்கு போடுங்க, முதல்வரின் முகவரிங்கற புகார் பிரிவு, புகார் எண் குடுப்பாங்க. அதுக்கும் நகரலைன்னா திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். கிராமம்னா கிராமசபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆறு நாளும் நோட் பண்ணிக்கங்க, அங்க தீர்மானமா எழுத வெச்சா அது நிக்கும். கொரோனா அப்ப 2020ல அதையே நடத்த உடலங்கறது வேற விசயம்.

கடைசியா தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூவா கோர்ட் பீ ஸ்டாம்ப், முப்பது நாள். அதுல "ஏன் மருந்து அடிக்கல"ன்னு கேட்டா பதில் வராது, ஏன்னு கேக்கறது தகவல் இல்ல. "இந்த மூணு மாசத்துல எந்தெந்த தேதி எந்தெந்த வீதிக்கு கொசு ஒழிப்பு ஆளுங்க வந்தாங்க, அந்த நோட்டு நகல், குளோரின் வாங்குன பில் நகல்"னு கேளுங்க. உயிர் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரத்துல குடுக்கோணும்னு சட்டத்துல இருக்குது, ஆனா அது உங்க விசயத்துக்கு பொருந்தாதுன்னு தட்டிவிடத்தான் பாப்பாங்க, அதனால எந்த உயிருக்கு என்ன ஆபத்துன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க.

எங்கூட்டுக்காரரு 2021ல கொரோனால போயிட்டாரு. சர்டிபிகேட்ல மாரடைப்புன்னு போட்டிருக்குது, பணமும் வர்ல. இப்ப ஏதாச்சும் பண்ண முடியுமா கண்ணு?

இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூவா, சுப்ரீம் கோர்ட்டு வழக்குனால வந்தது. சர்டிபிகேட்ல கொரோனான்னு இருந்தாத்தான்னு இல்லைங்க, பாசிட்டிவ்னு வந்து 30 நாளைக்குள்ள இறந்திருந்தா ஊட்டுல இறந்திருந்தாலும் கணக்குல வரும். சர்டிபிகேட் தகராறுன்னா மாவட்டத்துல அதுக்குன்னு ஒரு குழு. கெடு பழசுதான், 2022 மார்ச் 20க்கு முன்னாடி இறந்தவங்களுக்கு அந்த மார்ச் 24ல இருந்து 60 நாள் குடுத்தாங்க. நேரத்துக்கு போட முடியாம போனவங்க காரணத்தைச் சொல்லி அந்த குழுகிட்டயே போகலாம்னும் அதே உத்தரவுல இருக்குது. கெடைக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், மனு போட காசில்ல.

ஓணும்கறது டெஸ்ட்டு ரிசல்ட்டு. இந்த ஆத்தா அதெல்லாம் எங்க இருக்குதோன்னு அழுதுட்டே போனாங்க, அடுத்த நாள் காத்தால அவரு பழைய பட்டன் போனை மஞ்சப்பைல போட்டு கொண்டாந்தாங்க, சார்ஜர் எங்க கடைலயே பழைய டப்பால ஒண்ணு கெடந்துச்சு. அரை மணி நேரம் சார்ஜ் போட்டு தொறந்தா, லேபுல இருந்து வந்த மெசேஜ் தேதியோட அப்புடியே இருந்துச்சு. போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு மனுவோட வெச்சு அனுப்பியிருக்கோம். போனை அழிக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனேன்.